லாரி டீச்சர் பதில்கள்

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய கனரக லாரிகளைச் சின்ன மாடல்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். அப்பா லாரி டிரைவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பெயரே இந்தப் பக்கத்துக்கும் பெயராகிவிட்டது. இந்த முறை கடிதங்கள் நிறைய. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு வாரம் யோசித்தேன்.

கேள்வி: போன இதழில் நீங்கள் செய்த பென்ஸ் லாரியின் படம் பார்த்தேன். கீழே '1972 வண்டி' என்று போட்டிருக்கிறது. மூக்கில் நட்சத்திரம் இருக்கிறது. 1972இல் நட்சத்திரம் ஏது டீச்சர்? நான் முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன், அதனால் கேட்கிறேன்.
– ஓய்வு பெற்ற டிரைவர், சங்ககிரி

அண்ணா, படத்துக்குக் கீழே இருந்ததை எழுதிக் கொடுத்தது நான்தான். வருடம் தப்பு. நட்சத்திரம் தப்பில்லை.

டாடாவின் டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது 1954இல். 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அதுவரை வந்த வண்டிகளில் மூன்று முனை நட்சத்திரம், அப்புறம் டாடாவின் 'டி'. நம் பக்கத்தில் முத்திரை மாறியும் பேர் மாறவில்லை. எண்பதுகளில் வந்த வண்டியைக்கூட பென்ஸ் லாரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே இரும்புப் பெட்டியைத் திறந்து அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்தேன். எண்ணெய்க் கறையில் பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. தயாரிப்பு வருடம் 1961. அப்பா ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை முதலாளியிடமிருந்து அவரே வாங்கிய வருடம்தான் 1972. வண்டி வீட்டு வாசலுக்கு வந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்ட வருடம் அது. எனக்கு அதுவே மனதில் நின்றுவிட்டது. எல் 312 வகை. 6 சிலிண்டர், 4.58 லிட்டர் எஞ்சின், சுமார் 100 குதிரைத்திறன். இன்றைக்கு நடுத்தரமான ஒரு காருக்கே அந்தத் திறன் இருக்கிறது. அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு அப்பா ஏற்காட்டில் பாக்சைட் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி மேட்டூருக்குப் போய்வருவார். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார். பிரேக்கை நம்பி இறங்கினவன் கீழே வந்து சேரமாட்டான் என்பது அவர்கள் காலத்துப் பாடம். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஏற்றத்தில் வண்டி திணறினால் கிளீனர் குதித்து, கையில் முட்டுக்கட்டையோடு பின்னாலேயே ஓடிவருவார். வண்டி நின்ற நொடியில் பின்டயருக்கு அடியில் அதைச் செருகவேண்டும். இப்போது காரியத்தைக் கெடுக்கிறவர்களை முட்டுக்கட்டை என்கிறோம். எனக்கு அந்தச் சொல்லை அப்படிச் சொல்ல வாய் வராது. அப்பாவின் முட்டுக்கட்டை என் மேசையில் இருக்கிறது. ஒரு சரிவில் டயர் ஏறி ஏறிக் குழி விழுந்து, அந்த இடம் மட்டும் கருத்து, வழவழவென்று இருக்கும். படத்தில் தெரிந்திருக்காது, நான் செய்த வண்டியில் கேபினுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் 12 மில்லிமீட்டர் நீளத்தில் அதே கட்டை தொங்குகிறது, குழியோடு.

வருடத்தை 1961 என்று திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு என் வணக்கம்.

கேள்வி: வெளிநாட்டு லாரி கிட் (பாகம் பாகமாக வரும் மாடல் பெட்டி) ஒன்று வாங்க ஆறு மாதமாகப் பணம் சேர்த்திருக்கிறேன். 1:24, 1:25, 1:50, 1:87 என்று எத்தனையோ எண்கள். எதில் தொடங்குவது? எனக்குப் பிடித்தது எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அமெரிக்க மூக்கு லாரிகள்.
– கல்லூரி மாணவர், ஓமலூர்

தம்பி, எண்ணில் பயப்பட ஒன்றுமில்லை. 1:24 என்றால் அசல் வண்டியின் 24 மில்லிமீட்டர் உன் மேசையில் 1 மில்லிமீட்டர். இத்தாலேரி போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் லாரி கிட்கள் 1:24. அமெரிக்காவின் ஏ.எம்.டி. கிட்கள் 1:25, பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் எல்லாம் அதில் கிடைக்கும். கோர்கி மாதிரிக் கம்பெனிகளின் உலோக லாரிகள் பெரும்பாலும் 1:50. ரயில் மாடலோடு வைப்பதற்கு 1:87. ரிமோட்டில் ஓடும் தமியா லாரிகள் 1:14, அதற்கு ஆறு மாதச் சேமிப்பு போதாது.

24க்கும் 25க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று டயரை மாற்றிப் போட்டுவிடாதே. ஒரு மீட்டர் டயர் ஒன்றில் 41.7 மில்லிமீட்டர், இன்னொன்றில் 40. ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான், ஆனால் மட்கார்டுக்குள் டயர் எப்படி உட்காருகிறது என்பதில் கண்ணுக்கு உடனே தட்டும்.

பிடித்த பீட்டர்பில்டையே வாங்கு. பிடிக்காததைச் செய்தால் பாதியில் பரணுக்குப் போய்விடும். முதல் கிட்டில் கற்றுக்கொள்ள வேண்டியது பொறுமை: பாகத்தைப் பிய்க்காமல் வெட்டுவது, வெட்டின இடத்தை உரசுவது, ஒட்டுவதற்கு முன் ஒரு முறை பொருத்திப் பார்ப்பது. வாங்கும் முன் தபால் செலவும் சுங்கவரியும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்.

ஆனால் இரண்டாவது வண்டி உன் ஊர் வண்டியாக இருக்கட்டும். அதற்கு 1:24தான் தோது. காரணம் ரொம்பச் சுலபம், அடிக்கு அரை அங்குலம். லாரிக்குப் பாடி கட்டும் நம் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அடியிலும் அங்குலத்திலும்தான் பேசுவார்கள். "17 அடி பாடி" என்றால் கால்குலேட்டர் வேண்டாம், எட்டரை அங்குலம். அகலம் 7 அடி என்றால் மூன்றரை அங்குலம். நாற்சாலையில் நின்றுகொண்டே மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

கேள்வி: எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய மூக்கு வண்டி நிற்கிறது. கேபின் எங்கள் தாத்தா கட்டியது. இரும்புக்குப் போட அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் மாடலாகச் செய்துவிட ஆசை. எப்படி அளவெடுப்பது? எனக்கு மரவேலை தெரியும், மாடல் வேலை தெரியாது.
– பாடி பட்டறைக்காரர், நாமக்கல்

சாமி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன். தபாலிலும் அன்றைக்கே ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்கக்கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பழைய இரும்புக் கடையில் லேலண்ட் பீவர் லாரி ஒன்றைப் பார்த்தேன். மர கேபின், கதவில் வளைந்த கைப்பிடி, முன்கண்ணாடிக்கு மேலே கையால் செதுக்கின பலகை. என் கையில் டேப் இல்லை. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை போனபோது சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மூன்று துண்டாகக் கிடந்தது, கேபின் மரம் அடுப்புக்குப் போய்விட்டது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அவருக்கு அது எடைக்குச் சரக்கு. அன்றிலிருந்து என் கைப்பையில் 5 மீட்டர் டேப்பும் சாக்பீஸும் இல்லாமல் வெளியே போனதில்லை.

உங்கள் வண்டி ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். ஸ்கானியாவோ வால்வோவோ என்றால் கேபினோடு தொழிற்சாலையிலிருந்து வரும். லட்சம் வண்டியும் ஒரே அச்சு. அதை இன்னும் நூறு வருடம் கழித்தும் யாராவது படம் பார்த்துச் செய்துவிடலாம். நமக்கு வந்தது சேஸும் மூக்கும் மட்டும். ஜம்ஷெட்பூரிலிருந்து டிரைவர்கள் கேபினே இல்லாமல், ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஓட்டிவருவார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் ஆசாரிகள் அதற்கு முகம் கொடுத்தார்கள். அதனால் ஒவ்வொரு கேபினும் ஒரு ஆசாரியின் கை. வரைபடம் கிடையாது, வரைபடம் அவர்கள் தலையில் இருந்தது. உங்கள் தாத்தா ஜன்னல் சட்டத்தை எந்தச் சரிவில் வைத்தார் என்பது அந்த வண்டியில் மட்டும்தான் எழுதியிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டது. டிரைவரின் மகளாக எனக்கு அதில் மெத்த சந்தோஷம். அப்பா வெந்த வேக்காடு எனக்குத் தெரியும். ஆனால் மர கேபின் இனிமேல் வரப்போவதில்லை.

சரி, அளவு. முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும் மண்ணைக் கூட்டித் தள்ளிவிடுங்கள். தூக்குக்குண்டை ஒவ்வொரு சக்கர மையத்திலிருந்தும் இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் நடுவில் உள்ளதுதான் வீல்பேஸ். எல்லா அளவும் அங்கிருந்துதான் பிறக்கும். பம்பர் முனை, மூக்கின் நுனி, கதவின் முன் விளிம்பு, பின் விளிம்பு, பாடியின் தொடக்கம், முடிவு, எல்லாவற்றையும் குண்டுநூலால் தரைக்கு இறக்கிவிட்டால் ஒரே கோட்டில் டேப்பை விரித்து வரிசையாக வாசிக்கலாம். வண்டி மேல் ஏறி ஏறி அளந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் தவறும். உயரத்துக்கும் அப்படியே, எல்லாம் தரையிலிருந்து.

மூக்கின் வளைவுதான் எல்லோரையும் அழவைக்கும் இடம். டேப்புக்கு வளைவு தெரியாது. கனமான அலுமினியக் கம்பி ஒரு மூன்று மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பானெட்டின் குறுக்கே படுக்கவைத்து, உள்ளங்கையால் அழுத்தி வளைத்து, அலுங்காமல் தூக்கிச் செய்தித்தாளில் வைத்து பென்சிலால் வரையுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிரில்லுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுமுதுகில் நீளவாக்கில் ஒன்று. இந்த நான்கு வளைவும் இருந்தால் பானெட் உங்கள் கைக்கு வந்துவிட்டது. முத்திரை, கதவில் செதுக்கின பூ, இவற்றுக்குத் தாள் வைத்துப் பென்சிலை உரசி அப்படியே பதிவெடுங்கள்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். பக்கத்தில் நின்றால் மூக்கு பெருத்தும் பின்பக்கம் சிறுத்தும் விழும். முடிந்த மட்டும் தள்ளிப்போய், கேமராவைச் சக்கர மைய உயரத்தில் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள். வண்டி மேல் ஒரு மீட்டர் குச்சியைச் சாய்த்து வையுங்கள். உள்ளே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கும் பலகை, சாமி படம் மாட்டின ஆணி, அதையெல்லாம் விடவேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் கூட நிறுத்திக்கொண்டு, எந்த மூட்டு எப்படி என்று கேட்டு எழுதுங்கள்.

செய்வதற்கு மரம் தேடி அலையவேண்டாம். குச்சி ஐஸ் குச்சி 10 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம். 24ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒன்பதரை அங்குல அகலத்தில் 2 அங்குலப் பலகை. பாடித் தளத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பட்டைக்கட்டுக்கு (வண்டியைத் தாங்கும் வில் பட்டைகளுக்கு), பார்சல் கட்டும் பிளாஸ்டிக் நாடாவை 3 மில்லிமீட்டர் அகலத்தில் கீறி, நீளம் குறைத்துக் குறைத்து அடுக்குங்கள். அசல் பட்டை சுமார் 70 மில்லிமீட்டர் அகலம் என்பதால் கணக்கு ஒத்துவரும். பின்கதவுச் சங்கிலிக்கு செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் கேட்டால் செம்பில் போட்டுப் பார்த்த துண்டுச் சங்கிலி கொடுப்பார்கள். நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

மரவேலை தெரிந்தவருக்கு மாடல் வேலை தெரியாது என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உளி மட்டும்தான் சின்னது.

கேள்வி: எந்தப் பசை நல்லது?
– வாசகி, தாரமங்கலம்

பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் கரைக்கும் மாடல் சிமெண்ட். மரத்துக்கு ஃபெவிகால். உலோகத்துக்கு அரால்டைட், ஒரு ராத்திரி விட்டுவிடவேண்டும். ஃபெவிக்விக்கை ஜன்னல் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும்.

கேள்வி: டீச்சர், நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். அட்டையில் லாரி செய்தேன். எல்லாம் நன்றாக வந்தது. டயர் மட்டும் தகர மூடி மாதிரி இருக்கிறது. நிஜ டயர் மாதிரி எப்படிச் செய்வது?
– மாணவி, ஏற்காடு

பாப்பா, வீட்டில் தேய்ந்துபோன ஹவாய் செருப்பு இருக்கிறதா? அதுதான் உன் டயர்.

பெரிய லாரிகளின் பழைய டயர் அளவில் 9.00-20 என்று ஒன்று உண்டு. 20 என்பது நடுவில் இருக்கும் டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். 9 என்பது டயரின் அகலம், பெயரளவுக்கு. காற்றடித்தால் பத்து அங்குலத்துக்கு உப்பும். முழு உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சுமார் 1018 மில்லிமீட்டர். உன் லாரி 1:24 என்றால் இதை 24ஆல் வகு. நோட்டில் வகுத்துப் பார், 42.4 வரும். அகலம் 11 மில்லிமீட்டர் வைத்துக்கொள்.

செருப்பில் காம்பசால் 44 மில்லிமீட்டர் வட்டம் போட்டு, பெரியவர்கள் யாரையாவது பிளேடால் வெட்டித் தரச் சொல். நீ வெட்டவேண்டாம். நடுவில் ஓட்டை போட்டு நீளமான போல்ட் ஒன்றைச் செருகி, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டை முறுக்கு. அந்த போல்ட்டை டிரில்லிங் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, உப்புத்தாளை லேசாகத் தொடவேண்டும். கோணல்மாணலாக இருந்தது சுற்றச் சுற்ற வட்டமாகும். இதற்கும் வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். டயரின் ஓரத்தை, அதாவது தோள்பட்டையை, உருட்டிவிடு. நேர் விளிம்பாக விட்டால்தான் மூடி மாதிரி தெரிகிறது. அப்புறம் முக்கோண அரத்தின் முனையைத் தொட்டால் சுற்றிலும் வரி விழும். மூன்று வரி, நான்கு வரி, உனக்குப் பிடித்த மாதிரி.

கருப்பு வண்ணம் அப்படியே அடிக்காதே. ரோட்டில் ஓடின டயர் கருப்பாக இருக்காது. கருப்பில் கொஞ்சம் பழுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாக்கு. உங்கள் ஊர் வண்டி என்றால் செங்கல்லைப் பொடித்துச் சலித்து, விரலால் டயர் வரிக்குள் தடவு, பாக்சைட் மண் ஏறின மாதிரியே இருக்கும். கீழே எங்கள் சேலத்தில் சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல் ஏற்றும் வண்டிக்குச் சாக்பீஸ் தூள்.

முன்னால் 2, பின்னால் ஜோடி ஜோடியாக 4, ஸ்டெப்னி 1. மொத்தம் 7 டயர். ஒரு ஜோடிச் செருப்பு தாராளமாகப் போதும். முடித்ததும் படம் அனுப்பு கண்ணு, அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.

கேள்வி: நேஷனல் பர்மிட் லாரியின் நிறம் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறது. சிவப்பாகவோ காப்பித்தூள் மாதிரியோ போய்விடுகிறது. சரியான நிறம் என்ன?
– பேருந்து நடத்துநர், ஆத்தூர்

அதற்குப் பழைய மோட்டார் வாகன விதியிலேயே பேர் இருந்தது: காய்ந்த இலையின் பழுப்பு. அழகான பேர் இல்லையா? பலா இலை உதிர்ந்து மூன்று நாள் வெயிலில் கிடந்தால் வரும் நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலையைப் பொறுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கலக்கலாம், நான் அப்படித்தான் கலந்தேன். கடைப் பழுப்பில் மஞ்சள் கொஞ்சம் கூடவேண்டும், சிவப்பு குறையவேண்டும்.

அதே விதியில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை விளிம்பும், இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நேஷனல் பர்மிட் என்ற எழுத்தும் இருந்தன. 1:24இல் விளிம்பு 12.5 மில்லிமீட்டர், வட்டம் 25. இந்த 25ஐப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 1992இலிருந்து வந்த ஒரு ரூபாய் எவர்சில்வர் காசின் விட்டம் சரியாக 25 மில்லிமீட்டர்! காசை பாடி மேல் வைத்துச் சுற்றிப் பென்சில் ஓட்டினால் என்.பி. வட்டம் தயார். இப்போது வரும் ஒரு ரூபாய் சின்னது, அது ஆகாது. உண்டியலில் பழசைத் தேடுங்கள். காசு அடிப்பதற்கான எவர்சில்வர் வில்லைகளை நம் சேலம் உருக்காலையிலேயே வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அந்தக் காசை லாரி மேல் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு.

எழுத்தை ஸ்டிக்கரில் அச்சடிக்காதீர்கள். பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷில் கையால் எழுதுங்கள். அசல் வண்டியிலும் ஒரு பெயின்டர் அண்ணன்தான் கையால் எழுதினார். கொஞ்சம் ஏற இறங்க இருந்தால் அதுதான் சரி.

கேள்வி: டிங்கி கம்பெனியின் பழைய லேலண்ட் காமெட் பொம்மை ஒன்று கிடைத்திருக்கிறது. நம் ஊர் காமெட்டும் அதுவும் ஒன்றுதானா?
– மளிகை வியாபாரி, லீ பஜார், சேலம்

ரத்தம் ஒன்று, முகம் வேறு. சென்னை எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, பின்பு இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து காமெட் லாரிகளைப் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. உங்கள் டிங்கி இங்கிலாந்துக் காமெட், தகரக் கேபின். நம் மண்டிகளில் மூட்டை இறக்கின காமெட்டுக்குக் கேபின் கட்டினது இங்குள்ள பட்டறை. பொம்மையின் பழைய பெயின்டைச் சுரண்டாதீர்கள். உரிந்திருந்தாலும் அதை அப்படியே வைத்திருப்பதுதான் அதற்கு மரியாதை.

கேள்வி: என் வீட்டுக்காரர் டாடா 1210 லாரி ஓட்டினவர். போன வருடம் காலமாகிவிட்டார். வண்டி எப்போதோ விற்றுப்போனது. அதன் பக்கத்தில் அவர் நிற்கும் ஒரே ஒரு படம் இருக்கிறது, பக்கவாட்டில் எடுத்தது. அளவு எதுவும் தெரியாது. டயர் மட்டும் 9.00-20 என்று மகன் சொல்கிறான். இதை வைத்து மாடல் செய்யமுடியுமா? அவரையும் அதில் நிறுத்தமுடியுமா?
– வாசகி, எடப்பாடி

முடியும் அம்மா. உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு அளவு போதும்.

டயர்தான் படத்துக்குள் இருக்கும் அடிக்கோல். 9.00-20 டயரின் விட்டம் சுமார் 1018 மில்லிமீட்டர். மகனிடம் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுக்கச் சொல்லி, டயரை அளக்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாக அளக்கவேண்டாம், லோடில் டயர் அடியில் அமுங்கியிருக்கும்; இடமிருந்து வலமாக அளக்கட்டும். படத்தில் 12 மில்லிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தின் 1 மில்லிமீட்டர் அசலில் 84.8. இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவே படத்தில் 49.5 இருந்தால், பெருக்கினால் 4198. அதாவது 4.2 மீட்டர் வீல்பேஸ். 1210 வண்டியில் எண்ணுக்குப் பின்னால் 42 என்று போட்டு வந்த வகை அதுதான். கணக்கு இப்படி ஒரு தெரிந்த அளவில் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றதையும் நம்பலாம்: கேபின் உயரம், பாடி நீளம், பம்பர், எல்லாவற்றையும் அதே 84.8ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் மாடல் அளவு. டயருக்குப் பக்கத்தில் இருப்பவை சரியாக வரும். படத்தில் கொஞ்சம் பின்தள்ளி இருப்பவை சற்றுக் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

1210 என்ற எண்ணிலும் விஷயம் இருக்கிறது. 12 என்பது லோடோடு சேர்த்த மொத்த எடை டன்னில், 10 என்பது நூற்றுச்சொச்சம் குதிரைத்திறன். அவர் இதை உங்களிடம் சொல்லியிருப்பார்.

அவரையும் நிறுத்தலாம். உயரம் ஐந்தரை அடி என்றால் இரண்டே முக்கால் அங்குலம். கம்பியில் எலும்பு கட்டி, எம்-சீலில் உடம்பு பிடித்து, வேட்டிக்கு மெல்லிய துணியில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி மடிப்பு வைக்கலாம். முகத்தில் மூக்கையும் காதையும் எட்டத்தில் இருந்து பார்த்தால் தெரியும் அளவுக்குத்தான் வைப்பேன். நிற்கும் விதம் முக்கியம். டிரைவர்கள் தங்கள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தினுசாக நிற்பார்கள், ஒரு கை எப்போதும் வண்டி மேல் இருக்கும். படத்தில் அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மட்கார்டிலா, கதவிலா, கண்ணாடிக் கம்பியிலா? அதை எழுதி அனுப்புங்கள்.

அசல் படத்தைத் தபாலில் அனுப்பவே கூடாது. பிரதி மட்டும் போதும். அப்புறம் இன்னும் மூன்று விஷயம் வேண்டும். முன்கண்ணாடிக்கு மேலே என்ன எழுதியிருந்தது, கேபினுக்குள் எந்தச் சாமி படம், கதவில் என்ன நிறம். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. அது உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.